நாலு மணி டிக்

காங்கயம் ஆஸ்பத்திரி, ஆண்கள் வார்டு.
முப்பத்தெட்டுக் கட்டிலுக்கு நாங்கள் இரண்டு பேர்.
அதில் ஒருத்தி பிரசவ வார்டுக்கு
'அஞ்சு நிமிசம்' என்று போய்
ரெண்டு மணி நேரம் ஆகிறது.

நாளைக்குத் தரச்சான்றுக் குழு வருகிறது.
சாயங்காலமே கைகழுவும் படங்கள் ஒட்டியாயிற்று,
ஆறு படம், ஆறு படி.
குழாயில் தண்ணீர் பத்து மணியோடு நின்றுவிட்டது.
வாளியில் பிடித்து வைத்திருக்கிறேன்.
சொம்பால் மொண்டு ஆறு படியும் கழுவுகிறேன்,
யாரும் பார்க்காதபோதும்.
அதில் மட்டும் நான் ஏமாற்றியதில்லை.

பன்னிரண்டாம் கட்டில் பொங்கியண்ணன்.
ஓலப்பாளையம் தோப்பில்
தேங்காய் போடப் போய் மரத்திலிருந்து விழுந்தவர்.
கோயமுத்தூரில் முதுகெலும்புக்குக் கம்பி வைத்துத்
திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
இடுப்புக்குக் கீழே
வலி தெரியாது, கொசு தெரியாது, ஈரம் தெரியாது.
வலி தெரியாததுதான் வம்பு.
நமக்குத் தூக்கத்திலும் நோகும், புரண்டு படுப்போம்.
அவருக்கு நோவதற்குப் பதிலாக நாங்கள்:
ரெண்டு மணிக்கொருதரம்
இடம், மல்லாக்க, வலம்.

இது எனக்குத் தெரியும்.
இரண்டாம் வருடப் பரீட்சையில் பத்து மார்க் கேள்வி.
எலும்பு மேலிருந்து அழுத்த
மெத்தை கீழிருந்து அழுத்த
நடுவில் தோலுக்கு ரத்தம் வராமல் போவதைப்
படம் வரைந்து பாகங்கள் குறித்து
ஒன்பதரை வாங்கினேன்.

மணி மூணே முக்கால்.
பதிமூணில் சலைன் மாற்றிவிட்டுத் திரும்பும்போது
அட்டையை எடுத்துப் பார்த்தேன்.
பன்னிரண்டு, டிக். இரண்டு, டிக். நாலு, டிக்.
மூன்றும் என் கை.
பதினொன்றரைக்கு, குழுவை நினைத்து,
ஒரே மூச்சில் போட்டது.
தாளில் அவர் மூன்று முறை புரண்டிருக்கிறார்.
கட்டிலில்,
பத்து மணிக்கு நான் கிடத்திய அதே மல்லாக்க.

கட்டிலுக்கடியில் துண்டு விரித்துப் படுத்திருந்த
அவர் சம்சாரம் துளசிமணியை எழுப்பினேன்.
"பொரட்டோணுமுங்களா சிஸ்டர்"
கொண்டையை முடிந்துகொண்டே வந்தாள்.
ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில்,
முதுகு வளையாமல், கட்டையை உருட்டுவதுபோல.
ஒண்ணு, ரெண்டு, மூணு.

டார்ச் அடித்தேன்.
வால் எலும்பின் மேல்
ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவப்பு.
விரலால் அமுக்கி எடுத்தேன்.
வெளுக்கவில்லை.
வெளுத்தால் பயமில்லை என்பது பாடம்.
இன்னொருதரம் அமுக்கினேன்,
பாடம் தப்பாக இருக்கட்டும் என்று.

துளசிமணி தேய்த்துவிடப் போனாள்.
கையைப் பிடித்துக்கொண்டேன், தேய்க்கக் கூடாது.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்:
"களத்துல தேங்காப் பருப்பு காயப் போடுவனுங்.
ஒரு பொழுது பொரட்டாம உட்டாலும்
அடிப்பக்கம் பூசணம் புடிச்சுருமுங்.
மேல பாத்தா வெள்ளையாத்தான் இருக்கும்.
ஏவாரி திருப்பித்தான் பாப்பான்."

என் ஒன்பதரையை
அவளிடமே கொடுத்துவிடலாம் போலிருந்தது.

முதுகுக்கு அண்டக் கொடுத்துத் தலையணை,
முழங்கால்களுக்கு நடுவே மடித்த போர்வை.
பொங்கியண்ணன் கண் திறக்காமலே,
"வெயிலே ஏறுல, அதுக்குள்ள
பருப்பப் பொரட்டறீங்களாக்கும்" என்றார்.
துளசிமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.
சிரிப்பா என்று
அந்த வெளிச்சத்தில் தெரியவில்லை.

மூன்று டிக்கையும் ஒற்றைக் கோட்டால் அடித்தேன்,
அடியில் இருப்பது தெரியும்படி. அதுவும் விதிதான்.
'புரட்டவில்லை.
மூன்று ஐம்பதுக்கு இடப்பக்கம்.
வால் எலும்பில் சிவப்பு. வெளுக்கவில்லை.'
கையெழுத்து, நேரம்.

குழு பதினொரு மணிக்கு வந்தது.
படம் ஒட்டிய குழாயில் அப்போது தண்ணீர் வந்தது.
அடித்தல் திருத்தலுக்கு அரை மார்க் குறைத்தார்கள்.
மேட்ரன் என்னைப் பார்த்த பார்வைக்கு மார்க் கிடையாது.
விரிப்பு வெள்ளையாக இருந்தது.
பன்னிரண்டாம் கட்டிலை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

எட்டு மணிக்கே என் டூட்டி முடிந்தது.
பன்னிரண்டுக்கு இடப்பக்கம்.
அதைப் பார்த்துவிட்டுப்
பழையகோட்டை பஸ்ஸைப் பிடிக்கலாமென்று
மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறேன்.